தனசிங் தொட்டி கழுவிய கதை

இனிமேல் உயிரே போனாலும் சனிக்கிழமையில் ஒட்டடைக் குச்சியைத் தொடுவதில்லை என்று தனசிங் சபதம் எடுத்தபோது, அவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒட்டடைக் குச்சி. தலையில் ஒரு பழைய டவல். மூக்கு நுனியில் ஒரு சிலந்தி. சபதம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்துவார்கள் அல்லவா? அவருக்கு ஏற்கெனவே கை உயர்ந்துதான் இருந்தது.

"அந்த மூலையை விட்டுட்டீங்க," என்றாள் கீழேயிருந்து ஞானசௌந்தரி.

"அங்க ஒட்டடையே இல்லையே சௌந்தரி."

"ஏன் இல்ல? போன வாரம் அடிச்சீங்க, அதனால இல்ல. இந்த வாரம் விட்டீங்கன்னா அடுத்த வாரம் இருக்கும்."

தனசிங் இல்லாத ஒட்டடையை அடித்தார்.

ஞானசௌந்தரி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். புது விளக்குமாறு வாங்கி வந்தால் அதை முதலில் ஒரு தண்ணீரில் அலசி எடுப்பாள். குளித்து முடித்ததும் சோப்பைக் கழுவி வைப்பாள். மகள் ஈவ்லின் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது தன் பங்கு வீட்டு வேலையை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அதாவது அழுதுகொண்டே போனாள். ஆனால் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள்.

"பேர்லதான் தனசிங். அந்தப் பேர்லயே ‘சிங்க்’ இருக்கே, அப்புறம் பாத்திரம் தேய்க்க என்ன யோசனை?" என்று கேட்பாள் ஞானசௌந்தரி. பாவம் தனசிங், ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை இந்த வயதில் எங்கே போய் மாற்றுவது?

திங்கள் முதல் வெள்ளி வரை கிண்டியில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு. சனிக்கிழமை சௌந்தரிக்கு. தனசிங்குக்கு என்று வாரத்தில் ஒரு நாள் இல்லை. அவர் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தூக்கம். அவ்வளவுதான். அதற்குள் கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் என்றால் பரண். பரணை நினைத்தாலே அவருக்குத் தும்மல் வந்தது.

வழி காட்டியவர் சபை நண்பர் ஃபிரெடி. அவர் வீட்டில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருந்தது. "ஒண்ணு இந்தத் தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அவர் மனைவி ஜெரூஷா சொல்லிவிட்டாள். ஃபிரெடி கொஞ்ச நாள் யோசித்துவிட்டு ஜெரூஷாவை வைத்துக்கொண்டார்.

"நீ எடுத்துக்கோ மச்சான். சும்மாவே தர்றேன்," என்றார்.

தனசிங்கின் மூளையில் பல்பு எரிந்தது. மீன் இருந்தால் மீனைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமையில்தான் கவனிக்க முடியும். மீனைக் கவனிக்கிறவனை எவள் ஸ்டூலில் ஏற்றுவாள்?

"சும்மா தராதே. சும்மா வந்தா சௌந்தரி கேட்டுலயே நிறுத்திடுவா. இது சபை வழியா வரணும்."

"சபை வழியாவா?"

"அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா குடுத்துடு. நான் ஏலத்துல எடுத்துக்கறேன்."

அவர்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்குத் தேங்காய், பூசணி, வாழைத்தார், கோழி என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். உற்சாகத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒரு மூட்டை அரிசி விலைக்கு எடுத்தவர்களும் உண்டு. எடுத்த பிறகு வேண்டாம் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. இரண்டு வருஷம் முன்பு ஞானசௌந்தரியே ஒரு சேவலை எடுத்தாள். அது மதில்மேல் ஏறி நின்று தெருவையே நேரங்கெட்ட நேரத்தில் எழுப்பியது. திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தனசிங் கெஞ்சியபோது அவள் சொன்ன வார்த்தை அவர் மனதில் அப்படியே இருந்தது: "ஏலத்துல எடுத்ததைத் திருப்பித் தர்றது கர்த்தர்கிட்டயே திருப்பித் தர்ற மாதிரி."

அந்த வருஷப் பண்டிகையில் பூசணிக்காய்க்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில் மீன் தொட்டி வந்தது. யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் தனசிங், தான் கேட்ட விலைக்கு மேலே தானே இரண்டு முறை ஏற்றிக் கேட்டார். சபையே திரும்பிப் பார்த்தது. ஞானசௌந்தரியும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"கர்த்தர் குடுத்தது. வேண்டாம்னு சொல்லல."

"சொல்ல முடியாதே," என்றார் தனசிங் பணிவாக.

"ஆனா என் வீட்டுல பாசி புடிச்ச தண்ணி நிக்கக் கூடாது. இதைக் கழுவுறது நான் இல்ல."

"நான்தான், நான்தான்! என்ன, சனிக்கிழமை பூரா அதுக்கே சரியாப் போயிடும்."

"அப்போ ஒட்டடை?"

"சௌந்தரி, மீன் ஒரு உயிர். ஒட்டடை உயிரா?"

"ஒட்டடையில சிலந்தி இருக்கே, அது என்ன பிளாஸ்டிக்கா?"

அடுத்த மூச்சில் அவளே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள். "சரிங்க. தொட்டி பளிச்சுன்னு இருக்கிற வரைக்கும் சனிக்கிழமை உங்களுது. தண்ணி கலங்குச்சுன்னா தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடும், நான் அதுல கற்பூரவல்லி நட்டுடுவேன். நீங்க ஸ்டூலுக்குப் போயிடுவீங்க."

தனசிங் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனார். இரும்புச் சாமானும் பழைய கட்டிலும் தாண்டி, பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்குகிற கடையில் மூன்று தங்கமீன்களும் இரண்டு கறுப்பு மோலியும் வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். தொட்டியில் விட்டதும் கொழுத்த தங்கமீன் ஒன்று கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"உங்க பெரியண்ணன் மாதிரியே இருக்கு," என்றாள் ஞானசௌந்தரி. "வரும்போதே வாயைத் திறந்துகிட்டு வருது." அன்றிலிருந்து அதற்குப் பெரியண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியண்ணனுக்கு அவளும் ஒரு சிட்டிகை தீனி போட்டாள். தனசிங்கும் போட்டார். பெரியண்ணன் இருவருக்கும் தெரியாமல் இருவரிடமும் வாங்கிச் சாப்பிட்டது.

முதல் சனிக்கிழமை வந்தது. தனசிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். சௌந்தரியின் வீட்டில் இருபத்தேழு வருஷம் பயிற்சி பெற்ற மனிதர் அல்லவா? அரைகுறையாக எதையும் கழுவிப் பழக்கமில்லை. மீன்களை ஒரு வாளியில் விட்டார். தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினார். கூழாங்கற்களை அரிசி களைகிற மாதிரி களைந்தார். கண்ணாடியை நார் போட்டுத் தேய்த்தார். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து புதுசு மாதிரி ஆக்கினார். குளோரின் வாசனை கமகமக்கிற மாநகராட்சித் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்து நிரப்பினார். தொட்டி பளபளத்தது. ஞானசௌந்தரி கண்ணாடியில் விரலால் தடவிப் பார்த்து, விரலையும் பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது பெரிய பரிசு.

திங்கட்கிழமை தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது.

"என்னங்க இது? பால் ஊத்தினீங்களா?"

"சரியா கழுவல போல," என்றார் தனசிங். மறுபடி எல்லாவற்றையும் கொட்டினார். மறுபடி கற்களைக் களைந்தார். மறுபடி ஸ்பாஞ்சைப் பிழிந்தார். இந்த முறை இன்னும் அழுத்தி.

புதன்கிழமை தண்ணீர் மோராகிவிட்டது. அவர் கழுவக் கழுவ அது அழுக்காகிறது. உலகத்தில் இப்படி ஒரு பண்டம் இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதைவிட மோசம், மீன்கள் எல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பெரியண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"சுத்தம்!" என்றாள் ஞானசௌந்தரி. அது எந்தச் சுத்தம் என்று தனசிங்குக்குத் தெரியும்.

அவருக்குச் சனிக்கிழமை மறந்துபோனது. பரண் மறந்துபோனது. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பெரியண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் ஒரு வாயில்லா ஜீவன் இப்படித் தவிக்கிறதே என்று உண்மையிலேயே வேதனையாக இருந்தது. ஞானசௌந்தரி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஸ்டூல் பேச்சையே எடுக்கவில்லை. "ஃபிரெடிக்குப் போன் போடுங்க. அவர் வச்சிருந்தவர்தானே," என்றாள் மெதுவாக.

ஃபிரெடி போனில் கத்தினார். "முழுசா கழுவுனியா? யோவ், அது என்ன இட்லிப் பானையா? முழுசா கழுவவே கூடாதுய்யா!"

"கூடாதா?"

"அந்தக் கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். நல்ல கிருமி. மீன் பண்ற அசிங்கத்தை அதுதான் சுத்தம் பண்ணும். நீ அதை எல்லாம் கழுவிக் கொன்னுட்ட. புதுத் தொட்டியில அது ஊறி வளரவே ஒரு மாசம் ஆகும். இனிமே வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணிதான் மாத்தணும். குழாய்த் தண்ணிய ஒரு நாள் வாளியில வச்சிருந்து, குளோரின் போனப்புறம் ஊத்து. ஸ்பாஞ்சை எடுத்தேன்னா தொட்டித் தண்ணியிலயே லேசா அலசு. தீனியைக் குறை. இப்போதைக்கு நிதம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, மத்ததை அப்படியே விட்டுடு. தெளிஞ்சுடும்."

"விட்டுடணுமா?"

"விட்டுடணும்."

"ஒண்ணும் பண்ணாமலா?"

"ஒண்ணும் பண்ணாம!"

ஃபிரெடி சொன்னபடியே செய்தார். தீனி போடும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்று ஆகி, அது ஞானசௌந்தரிக்குப் போனது. நாலைந்து நாளில் தண்ணீர் மோரிலிருந்து நீர்மோராகி, அப்புறம் தெளிந்தது. பெரியண்ணன் நிமிர்ந்து நின்று, கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தது. தனசிங் ஆபீஸ் பையைக் கழற்றாமலே அதைப் பார்த்துச் சிரித்தார். ஞானசௌந்தரி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த நிம்மதியில் அவர் நல்ல மனிதராக நின்றிருக்கலாம். ஆனால் ஃபிரெடியின் வார்த்தைகள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. சுத்தம் செய்யாமல் இருப்பதுதான் சுத்தம்! எவ்வளவு பெரிய தத்துவம்! ஐம்பத்து மூன்று வருஷமாக இதை ஏன் யாரும் அவருக்குச் சொல்லவில்லை?

அடுத்த சனிக்கிழமை காலையில் கால்வாசித் தண்ணீரை ட்யூப் வைத்து இறக்கி, வாளியில் ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிரம்பு நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுச் சாய்ந்தார்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் ஞானசௌந்தரி, கையில் துடைப்பத்தோடு.

"இனிமேதான் முக்கியமான வேலை. கண்காணிப்பு."

"கண்ணை மூடிகிட்டா?"

"நான் முறைச்சுப் பார்த்தா மீன் பயப்படும் சௌந்தரி."

அவள் துடைப்பத்தோடு உள்ளே போனாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமே. தனசிங் சாயங்காலம் வரை கண்காணித்தார். குறட்டைச் சத்தத்துக்கும் மீன்கள் பழகிவிட்டன.

இத்துடன் விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். விடவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் பாத்ரூம் கழுவும் முறை அவருக்கு வந்தது. அது வெள்ளிக்கிழமை விடுமுறை, ஒப்பந்தத்தில் சேராது. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"அதுக்குள்ளயா?"

"கால்வாசி கழுவிட்டேன். முழுசா கழுவினா நல்ல கிருமி செத்துடும். வாரம் கால்வாசி. அறிவியல்."

ஞானசௌந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? எனக்கு இவ்வளவு நாள் தெரியாமப் போச்சே," என்றாள். குரலில் கோபம் இல்லை. அந்தக் குரலுக்குத்தான் பயந்திருக்க வேண்டும், தனசிங் பயப்படவில்லை.

திங்கட்கிழமை காலை காபி டம்ளரில் அடியில் ஒரு விரற்கடை காபி இருந்தது.

"என்ன சௌந்தரி, பால் இல்லையா?"

"கால்வாசிங்க. முழுசா குடிச்சா வயித்துல நல்ல கிருமி செத்துடும்."

ஆபீசுக்கு மாட்டிய சட்டையில் வலது கை மட்டும் கத்தி மாதிரி மடிப்போடு நின்றது. மிச்ச சட்டை கசங்கிய காகிதம். "அடுத்த வாரம் இடது கை," என்றாள். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் ஒரு மூலையில் கொஞ்சம் எலுமிச்சை சாதம், நடுவில் ஒரு அப்பளத்தின் காலே கால் பங்கு. பக்கத்து சீட் ராஜாராமன் எட்டிப் பார்த்துவிட்டு, "டயட்டா சார்?" என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலமே தனசிங் பாத்ரூமை முழுசாகக் கழுவினார். கதவின் பின்பக்கத்தையும் கழுவினார்.

"தத்துவம் தொட்டிக்கு மட்டும்," என்று அறிவித்தார்.

"சனிக்கிழமையும் தொட்டிக்கு மட்டும்தானே?" என்றாள் அவள்.

"அதுல மாத்தம் இல்ல. தண்ணி பளிச்சுன்னு இருக்கு. நீ குடுத்த வார்த்தை."

"குடுத்த வார்த்தை குடுத்ததுதாங்க. நான் என்னைக்காவது மாறுவேனா?"

மாறவில்லை. அதற்குப் பதில் அவரைப் புகழ ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில், ஜெபக்கூட்டத்தில், கேம்ப் ரோடு காய்கறிக் கடையில், எங்கே போனாலும், "எங்க வீட்டுக்காரர் தொட்டி சுத்தம் பண்றதைப் பார்க்கணுமே! அவ்வளவு பொறுப்பு. சனிக்கிழமை முழுக்க அதேதான்," என்று சொன்னாள். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் யூனிஸ் அக்கா தெருவில் நிறுத்தி, "தம்பி, உங்களைப் பத்திக் கேள்விப்பட்டோம்!" என்றார். தனசிங்கின் நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. இருபத்தேழு வருஷத்தில் மனைவி வாயால் இவ்வளவு புகழ் கேட்டதில்லை. கேட்டுப் பழகாதவனுக்குச் சந்தேகப்படவும் தெரியவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்க விற்பனை. சபை வளாகத்தில் கேக், ஊறுகாய், தலையணை உறை, மத்தியானம் சாதமும் மீன் குழம்பும். கடைசியில் ஏலம். ஏலம் விடுகிறவர் அன்பு அண்ணன்; மைக் கொடுத்தால் வேண்டாம் என்று மறுக்கிற குரல் அவருக்கு. தனசிங் மனைவி பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"அடுத்து வர்றது பொருள் இல்ல, ஊழியம்!" என்று முழங்கினார் அன்பு அண்ணன். "எல்லாரும் பூசணிக்காயே குடுக்கறாங்கன்னு நம்ம ஞானசௌந்தரி டீச்சர் புதுசா ஒண்ணு குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரையே குடுத்திருக்காங்க! சகோதரர் தனசிங், ஒரு வருஷம், எல்லா சனிக்கிழமையும், தொட்டி சுத்தம் பண்ணித் தருவார்!"

கைதட்டல் கிளம்பியது. போதகர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். தனசிங் எழுந்து கும்பிட்டார். மனதுக்குள் கணக்குப் போட்டார். இந்தச் சபையில் யார் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது? ஃபிரெடி வீட்டிலேயே இப்போது இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை. பேருக்குப் பேரும் ஆச்சு.

"ஐந்நூறு!" என்று ஒரு குரல் வந்தது. ஜோஸ்வின். பெரும்பாக்கம் ரோட்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர்.

"ஜோஸ்வின் வீட்டுல மீன் வளர்க்கறாரா?" என்று தனசிங் கிசுகிசுத்தார்.

"தெரியலையேங்க," என்றாள் ஞானசௌந்தரி.

"ஆயிரம்!" என்று படப்பையில் பண்ணை வைத்திருப்பவர் எழுந்தார். "நம்ம மாட்டுத் தொட்டி நாலு இருக்கு, கழுவ ஆளே கிடைக்கல."

"எங்க பிளாக்ல சம்ப் ரெண்டு வருஷமா இறங்கிப் பார்க்கல அண்ணே! மேல ஓவர்ஹெட் தொட்டி வேற! ரெண்டாயிரம்!" என்றார் ஜோஸ்வின்.

தனசிங்குக்கு விஷயம் புரிந்தது. சம்ப். பூமிக்கு அடியில் இருட்டு. இடுப்பளவு சேறு. இரும்பு ஏணி. கையில் வாளி.

"சௌந்தரி! அவங்க தண்ணித் தொட்டின்னு நினைச்சுட்டாங்க! அன்பு அண்ணன்கிட்ட மீன் தொட்டின்னு சொல்லலையா நீ?"

"அச்சச்சோ. மறந்துட்டேங்க," என்றாள். இருபத்தேழு வருஷத்தில் ஞானசௌந்தரி எதையாவது மறந்தது இதுதான் முதல் தடவை.

தனசிங் எழுந்தார். "அண்ணே! மீன்... மீன்..."

"ஆமா பிரதர், மீன் குழம்பு நல்லா இருந்துச்சு!" என்றார் அன்பு அண்ணன். சபை சிரித்தது. "ரெண்டாயிரம், ஒரு தரம்!"

பண்ணைக்காரர் மறுபடி கையைத் தூக்கினார். ஜோஸ்வின் அதற்கு மேல் தூக்கினார். தனசிங் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்த பிடியைவிட இறுக்கமான பிடி.

"சௌந்தரி, நீ எடுத்துடு! எப்படியாவது என்னை நீயே எடுத்துடு!"

"நானா? நான் குடுத்ததை நானே எடுக்கிறதா? நல்லா இருக்காதேங்க."

"நல்லா இருக்கும்! ரொம்ப நல்லா இருக்கும்!"

"எடுத்து எனக்கு என்ன பிரயோஜனம்? நம்ம தொட்டிக்குத்தான் கால்வாசி வேலை போதுமே."

"ரெண்டு தரம்!" என்றார் அன்பு அண்ணன்.

"என் சனிக்கிழமை எல்லாம் உனக்குத்தான்! ஒட்டடை அடிக்கறேன்! ஃபேன் துடைக்கறேன்! பரண் ஏறுறேன் சௌந்தரி, பரண்!"

ஞானசௌந்தரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எழுந்தாள். கையை உயர்த்தி, ஜோஸ்வினுக்கு மேல் ஒரு தொகை சொன்னாள். ஜோஸ்வின் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஜோஸ்வினின் மகன் அவளிடம்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஜோஸ்வின் வாயை மூடிக்கொண்டார்.

"மூணு தரம்! டீச்சருக்கே!"

சபை ஆரவாரித்தது. தனசிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பர்ஸைக் குடுங்க," என்றாள் அவள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் கேட்டார். "சௌந்தரி, நிஜமா சொல்லு. கடைசி வரைக்கும் எடுத்திருப்பியா? ஜோஸ்வின் விடாம ஏத்தியிருந்தா?"

"பின்ன? உங்களைப் போய் வேற யாருக்காவது விட்டுக்குடுத்துடுவேனா?" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தனசிங்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரன் எல்லாம் அவருக்கு ஆர்கன் வாசிக்கிற மாதிரி கேட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தார். அந்த நினைப்பு அடுத்த சனிக்கிழமை வரை நீடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் வழக்கம்போலப் பிரம்பு நாற்காலியை நோக்கி நடந்தார். வழியில் ஸ்டூல் போட்டிருந்தது. ஸ்டூல் மேல் ஒட்டடைக் குச்சி. குச்சி மேல் பழைய டவல்.

"இன்னைக்கேவா? வேணும்னா அந்தப் பணம் போனாப் போகட்டும், ஏலத்தை..."

"ஏலத்துல எடுத்ததைத் திருப்பித் தர்றதா?" ஞானசௌந்தரி காதைப் பொத்திக்கொண்டாள். "கர்த்தர்கிட்டயே திருப்பித் தர்ற மாதிரிங்க!"

"அப்போ தொட்டி? மீனுக்கு யாரு?"

"அதுக்கென்ன, காலையிலயே கால்வாசித் தண்ணி மாத்திட்டேன். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க ஏறுங்க."

ஏறினார். டவலைக் கட்டினார். கையை உயர்த்தினார். தூசி கொட்டியது, சிலந்தி பழகிய இடத்துக்கு, அவர் மூக்கு நுனிக்கே, வந்து சேர்ந்தது. தும்மி முடித்து அவர் கீழே பார்த்தபோது தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியண்ணன் அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தொட்டிக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் ஞானசௌந்தரி காலை நீட்டிச் சாய்ந்து, இரண்டு கண்ணையும் மூடியிருந்தாள்.

"சௌந்தரி! தூங்கறியா?"

"கண்காணிக்கறேங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "அந்த மூலையை விட்டுட்டீங்க."